மெருகும் மெழுகும்

மோட்டார் வண்டி உள்ள வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைக் காலைப்பொழுது தனி அழகுடையது. கிணற்றடியிலிருந்து வாளி வாளியாக நீர் வரும். பழைய வேட்டியொன்று கிழிபடும். சில்லுக் கழுவுவது யார், மேனி கழுவுவது யார் என்று சிறுவர் சண்டையிடுவர். கழுவித் துடைத்தான பின்னர் வீட்டுத்தலைவர் உள்ளே சென்று இரண்டு பேணிகளைக் கையிலேந்தி வெளியே வருவார். ஒன்றிலே பொலிஷ், மற்றதிலே வக்ஸ் எனப்படும் மெழுகு. இவற்றுள் எதனை முதலிற் பூசுவது, எதனைப் பின்னர்ப் பூசுவது, இரண்டும் வேண்டுமா, ஒன்று போதுமா என்று பத்து வீடுகளில் வினவினால் பத்து விதமான விடை கிடைக்கும். "இரண்டும் ஒன்றுதான், பேர்தான் வேறை" என்று அடித்துச் சொல்வாரும் உளர்.

அவை ஒன்றல்ல. ஒன்று வண்டியினின்றும் எடுப்பது. மற்றது வண்டிக்குக் கொடுப்பது. கல்லூரியிலே இருபது ஆண்டுகளாக மாணவர்க்கு விஞ்ஞானம் கற்பித்து வருபவன் நான். ஆயினும் இவ்வேறுபாட்டை ஏட்டிலே கற்றேனல்லேன். எங்கள் பெரியப்பாவின் வண்டியிலே, அவர் கண்ணெதிரே, என்றும் மாறாத வடுவொன்றை உண்டாக்கியே கற்றேன். அக்கதையையும் அதனுள்ளே கிடக்கும் விஞ்ஞானத்தையும் ஒருங்கே சொல்லுதல் நேயர்களுக்குப் பயன்படும் என எண்ணுகிறேன்.

பெரியப்பாவின் வண்டி கறுப்பு மொறிஸ் மைனர். 1948ஆம் ஆண்டு தொடங்கி 1971ஆம் ஆண்டு வரை இங்கிலாந்திலே பதினாறு இலட்சத்துக்கு மேல் உற்பத்தியான வண்டி அது. யாழ்ப்பாணத்துத் தெருக்களிலே அதனையும், ஒஸ்ரின் கேம்பிரிஜ், மொறிஸ் ஒக்ஸ்போட் முதலிய அதன் உறவினரையும் அறியாதார் இலர். 1990ஆம் ஆண்டுகளில் பெற்றோல் கிடையாதிருந்த காலத்திலே, சில துளி பெற்றோல் விட்டுத் தொடக்கி, பின்பு மண்ணெண்ணெயிலே ஓட்டப்பட்டவை இவ்வண்டிகளே. பெரியப்பா 1968ஆம் ஆண்டில் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஒருவரிடம் அதனை வாங்கினார். தொழிற்சாலையிலே பூசப்பட்ட வர்ணம் அன்று தொட்டு மாற்றப்பட்டதில்லை. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது அதனை மாட்டுக்கொட்டிலிலே நிறுத்தி, கிடுகாலும் வைக்கோலாலும் மூடிவிட்டுத் தென்மராட்சிக்குப் போனார். மறுவருடம் திரும்பி வந்து வைக்கோலை விலக்கிப் பார்த்தபோது மூன்று சில்லுகளும் பற்றறியும் போயிருந்தன. வர்ணம் மாத்திரம் விட்டபடியே இருந்தது. "பெயின்றைக் கழற்றிக்கொண்டு போகேலாது தானே" என்று அவர் பின்னாளிலே சொல்லிச் சிரிப்பதுண்டு.

2017ஆம் ஆண்டு ஆவணி மாதத்திலே அவருடைய பேர்த்திக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. மணமகள் அந்த வண்டியிலேயே போகவேண்டும் என்பது பெரியப்பாவின் விருப்பம். வண்டியின் மேனியோ வெளிறிக் கிடந்தது. கறுப்பு என்று சொல்ல இயலாது. சாம்பல் பூத்த அடுப்புக்கல்லின் நிறம். "நீ சயன்ஸ் படிப்பிக்கிறனி. உதுக்கு ஒரு வழி பார்" என்று அவர் என்னிடம் ஒப்படைத்தார்.

பட்டணத்துக் கடையொன்றிலே விலையுயர்ந்த மெழுகுப் பேணியொன்று வாங்கி வந்தேன். வண்டியைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, உலரவைத்து, மெழுகைத் தாராளமாக அப்பித் துவாயினால் துடைத்தேன். என்ன ஆச்சரியம்! கறுப்புத் திரும்பிவிட்டது. அன்று மாலை படலையடியிலே நின்று பார்த்தவர்களெல்லாம் மெச்சினர். நானும் பெருமிதங் கொண்டேன். மூன்றாம் நாள் ஒரு பாட்டம் மழை பெய்தது. மழை விட்டு வெயில் எறித்தபின் பார்த்தால், பொனற் முழுவதும் தேமல் படர்ந்தாற்போலத் திட்டுத் திட்டாக வெளிறிக் கிடந்தது.

ஏன் இவ்வாறு நேர்ந்தது? வர்ணம் என்பது நிறத்தூளும், அத்தூளைக் கட்டி வைத்திருக்கும் பிசின் போன்ற பொருளும் சேர்ந்த ஒன்று. வெயிலிலுள்ள புறஊதாக் கதிர்களும் காற்றிலுள்ள ஒட்சிசனும் அப்பிசினை மேலிருந்து சிறிது சிறிதாகச் சிதைக்கின்றன. கட்டு விட்டுப்போன நிறத்தூள் மேலே தளர்ந்து கிடக்கிறது. பழைய வண்டியொன்றை விரலாலே தடவிப் பாருங்கள். கரும்பலகையைத் தடவினாற்போல விரலிலே தூள் படியும். இனி, ஒரு பரப்புப் பளபளக்க வேண்டுமாயின் அதன் மேடுபள்ளங்கள் ஒளியலையின் நீளத்தினும் மிகச் சிறியனவாயிருத்தல் வேண்டும். கட்புலனாகும் ஒளியின் அலைநீளம் ஊதாவிலே 0.4 மைக்ரோன், சிவப்பிலே 0.7 மைக்ரோன் அளவினது. மைக்ரோன் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு கூறு. அதனோடொத்த அல்லது அதனினும் பெரிய கரடுமுரடுகள் உள்ள பரப்பிலே பட்ட ஒளி கண்ணாடியிற் பட்டதுபோல ஒரு திசையில் மீளாது நாலாபக்கமும் சிதறும். சிதறிய வெள்ளொளி கறுப்போடு கலந்து சாம்பலாகத் தோன்றும். வண்டியின் நிறம் எங்கும் போய்விடவில்லை. சிதறிய ஒளி அதனை மறைத்து நின்றது.

அம்மியைக் கழுவியவுடன் அது கறுத்துத் தோன்றுவதையும், உலர்ந்ததும் மறுபடி வெளிறுவதையும் நம் பெண்கள் நாளும் காண்பர். கல்லின் நுண்குழிகளை நீர் நிரப்புவதனாலே ஒளிச்சிதறல் குறைகிறது. அவ்வளவே. என் மெழுகு முதல்நாள் செய்த மாயமும் இதுதான். குழிகளை நிரப்பிற்று, கறுப்புத் தெரிந்தது. ஆனால் அம்மெழுகு ஒட்டியிருந்தது வர்ணத்தில் அன்று, வர்ணத்தின்மேலே தளர்ந்து கிடந்த தூளில். மழையிலே தூள் கழன்றது; மெழுகும் அதனோடு போயிற்று.

மெழுகு வர்ணத்தோடு எவ்வாறு ஒட்டுகிறது என்பது பலருக்குத் தெளிவில்லாத விஷயம். இரண்டும் இரசாயன முறையிலே பிணைந்துவிடுவதாக விளம்பரங்கள் கூறுவதுண்டு. தேன்மெழுகோ, கார்ணோபா என்னும் தாவர மெழுகோ அங்ஙனம் பிணைவதில்லை. மெழுகின் மூலக்கூறுகள் பெரும்பாலும் எசுத்தர் என்னும் வகையைச் சார்ந்த, காபனும் ஐதரசனும் தொடுத்த நீண்ட சங்கிலிகள். அவை எதனோடும் இலகுவிற் தாக்கமுறாச் சோம்பேறிகள். தண்ணீரோடும் சேரா. அந்தச் சோம்பலே அவற்றின் சிறப்பு. இல்லையேல் வெயிலிலும் மழையிலும் அவை எங்ஙனம் நிலைத்திருக்கும்?

அவ்வாறாயின் அவற்றை வர்ணத்தின்மேல் நிறுத்தி வைப்பது யாது? எந்த இரு மூலக்கூறுகளும் மிக நெருங்கி வந்தால் ஒன்றையொன்று மெல்லக் கவரும். ஒல்லாந்து தேசத்து விஞ்ஞானியாகிய வந்தர் வாலிசு என்பவரின் பெயரால் இக்கவர்ச்சி வழங்குகிறது. அவர் 1910ஆம் ஆண்டில் பௌதிகத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். தனித்தனியே பார்த்தால் இவ்விசை மிக அற்பம். கோடானுகோடி மூலக்கூறுகள் கூடும்போதோ அது வலிமையாகிறது. நம் வீட்டுச் சுவரிலே பல்லி தலைகீழாக ஓடுகிறதல்லவா? அதன் விரல்களிலே பசையில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் உள. ஒவ்வொரு மயிரும் நுனியிலே நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிந்து சுவரின் பரப்போடு நெருங்கிப் படிகின்றது. அவ்வினத்துப் பல்லியைத் தாங்குவது இதே வந்தர் வாலிசு விசைதான் என்று 2002ஆம் ஆண்டில் கெல்லர் ஓட்டம் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும் காட்டினர். பல்லி சுவரிலே நிற்பதுபோலவே மெழுகும் வண்டியிலே நிற்கிறது எனலாம்.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கருத்திற் கொள்ளவேண்டும். இக்கவர்ச்சி தூரத்தோடு மிக விரைவாகத் தேய்வது. இரு மூலக்கூறுகளுக்கிடையேயுள்ள தூரம் இரட்டித்தால் அவற்றின் கவர்ச்சிச் சத்தி பாதியாவதில்லை, காற்பங்காவதுமில்லை; அறுபத்துநான்கில் ஒரு பங்காகிவிடும். ஆகவே மெழுகுக்கும் வர்ணத்துக்குமிடையே தூசியோ, சவர்க்காரப் படிவோ, செத்த வர்ணத்தூளோ இருந்தால், ஒட்டுதல் என்பது பேச்சளவிலே நின்றுவிடும். மெழுகு பூசுமுன் மேனியைச் சுத்தமாக்க வேண்டுமென்பதன் காரணம் இதுவே. அப்பணியைச் செய்வது பொலிஷ்.

மழைக்குப் பின்னர் எனக்கு இவ்வளவும் விளங்கிற்று. விளங்கியவன் அதோடு நின்றிருக்கலாம். "செத்த தோலை உரிக்கவேண்டும், அவ்வளவுதானே" என்று எண்ணி, பொலிஷிலும் கரடான கொம்பவுண்ட் பேணியொன்றும், இரவலாக மின்சாரத்தாற் சுழலும் மெருகுப் பொறியொன்றும் தேடிக்கொண்டு வந்தேன்.

கொம்பவுண்டும் பொலிஷும் ஒரே குடும்பத்தவை. இரண்டிலும் இருப்பது தேய்க்கும் நுண்தூள். இக்காலத்திலே பெரிதும் பயன்படுவது அலுமினியம் ஒட்சைட்டு. இரத்தினபுரியிலே அகழ்ந்தெடுக்கும் நீலமும் கெம்பும் எந்தப் பொருளோ அதே பொருள்தான், மணியாக அன்று மாவாக. தூள் பருமனாயிருந்தால் கொம்பவுண்ட். மிக நுண்ணிதாயிருந்தால் பொலிஷ். அரத்தாளிலே பல இலக்கங்கள் உண்டன்றோ, அதுபோலத்தான். அவை வர்ணத்துக்கு ஒன்றையும் சேர்ப்பதில்லை. மேட்டை அரித்துப் பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவருகின்றன. கீறல் மறைவது அது நிரம்பியதனால் அன்று. அதனைச் சூழ்ந்த வர்ணம் கீறலின் ஆழத்துக்குத் தாழ்ந்ததனால்.

காலை எட்டு மணிக்குத் தொடங்கினேன். துணியெல்லாம் கறுப்பாயிற்று. இத்தனை ஊத்தை இருந்ததா என்று வியந்து மேலும் அழுத்தினேன். பொறி சுழலச் சுழலப் பொனற்றிலே மாமரத்தின் நிழல் தெரியத் தொடங்கிற்று. பின்பு இலை இலையாகத் தெரிந்தது. பெரியப்பா சாய்மனைக் கதிரையைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப்போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பொழுதுபடும் வேளையில் பொனற்றின் முன்விளிம்பை முடித்துவிடுவோமென்று பொறியைச் சற்றுச் சரித்துப் பிடித்தேன். கறுப்பின் நடுவே மங்கிய செந்நிறமாக ஏதோ தெரிந்தது. துடைத்தேன், போகவில்லை. அது அடிப்பூச்சு. ஒரு ரூபாய்க் குற்றியளவு இடத்திலே வர்ணமே இல்லாமற் போய்விட்டது.

பெரியப்பா எழுந்து வந்தார். விரலால் அவ்விடத்தைத் தொட்டுப் பார்த்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். "சில்லுப் போன நேரம் திரும்ப வாங்கினன். இதை எங்கை வாங்கிறது?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டார்.

மறுநாள் எங்களூரிலே வண்டிகளுக்கு வர்ணமடிக்கும் முதியவரை அழைத்து வந்தேன். தந்தையார் காலத்திலிருந்தே எங்கள் குடும்பத்தை அறிந்தவர்.

"மாஸ்ரர், தேய்க்கேக்கை துணியிலை கறுப்பு வந்ததோ?"

"வந்தது ஐயா. ஊத்தை என்று நினைச்சன்."

"ஊத்தையில்லை. அது உங்கடை பெரியப்பான்ரை பெயின்ற்."

பழைய வண்டிகளிலே நிறமும் மினுக்கமும் ஒரே பூச்சிலேயே அமைந்தவை. ஆதலால் தேய்க்குந்தோறும் நிறமே துணியில் வரும். இப்போது வரும் வண்டிகளிலே அடிப்பூச்சு, நிறப்பூச்சு, அதன்மேல் நிறமில்லாத தெளிந்த மேற்பூச்சு என அடுக்கு உண்டு. அவற்றைத் தேய்த்தால் துணியிலே நிறம் வராது, வெள்ளையாகவே இருக்கும். தேய்வு கண்ணுக்குத் தெரியாததனாலே அது மேலும் அபாயம் என்பேன். எல்லா அடுக்கும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரோன் கனந்தான். மேலிருக்கும் தெளிந்த பூச்சு 40 அல்லது 50 மைக்ரோன்; நம் தலைமயிரின் கனத்திலும் குறைவு. புறஊதாக் கதிரைத் தடுக்கும் பொருளும் அந்த மெல்லிய பூச்சிலேயே இருக்கிறது. வருடத்துக்கு இரண்டுதரம் "ஒருக்காப் பொலிஷ் பண்ணி எடுப்பம்" என்று வண்டியைக் கொண்டுபோய் விடுவோர் இதனைச் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும். விளிம்புகளில் ஆபத்து இரட்டிப்பு. ஈரமான வர்ணம் விளிம்பினின்றும் விலகி ஓடுவதால் அங்கே பூச்சு மெல்லிது. தேய்க்கும் பொறியின் அழுத்தமோ அங்கேதான் குவிகிறது. தொழில் தெரிந்தவர்கள் பொறியைத் தொடுமுன் விளிம்புகளை ஒட்டுநாடாவால் மூடுவது அதற்காகவே. அதை முன்னர் எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

முதியவர் இன்னொன்றும் கேட்டார். "நீங்கள் போட்ட மெழுகிலை சிலிக்கன் இருக்கோ?" பேணியைக் கொண்டுவந்து காட்டினேன். சிலிக்கன் எண்ணெய் ஊறிய பரப்பிலே புது வர்ணம் பூசினால், அது அங்கங்கே விலகி மீன்கண் போன்ற குழிகள் விழும். வர்ணக்காரருக்கு அப்பொருளின் பெயரே ஆகாது. முற்றாகச் சுரண்டிப் புதிதாக அடித்துத் தரலாம், இரண்டு கிழமை செல்லும் என்றார். தாழ்வாரத்திலிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது: "வேண்டாம். இருக்கிறது இருக்கட்டும்."

அதன்பின் முதியவர் சொன்னபடி செய்தேன். மெல்லிய பொலிஷைக் கையாலேயே பூசி, கொம்பவுண்ட் விட்டுச்சென்ற நுண்கீறல்களை மாத்திரம் நீக்கினேன். எஞ்சிய பசையைச் சுத்தமான துணியாலே துடைத்தெடுத்தேன். அதன்மேல் மெழுகு. இம்முறை அப்பவில்லை, ஈரச் ஸ்பொஞ்சிலே சிறிதளவு தொட்டு, இருந்தும் இல்லாததுபோல் தடவினேன். மெழுகைக் குழைவாக்குதற்குச் சேர்க்கப்பட்ட கரைப்பான் ஆவியாகிப் போக, மேனியிலே பனிமூட்டம்போல் ஒரு வெளிறல் படரும். விரலால் இழுத்துப் பார்த்தால் ஈரமின்றிச் சுத்தமாகக் கோடு விழவேண்டும். அப்போது மென்மையான துவாயால் துடைக்க, மிஞ்சியது போய், பரப்பை ஒட்டிய மெல்லிய படலம் மாத்திரம் நிற்கும். அதன் கனம் ஒரு மைக்ரோனையும் எட்டுவது அரிது. எவ்வளவு தடிப்பாகப் பூசினாலும் நிற்பது இவ்வளவே. மேல்மேலும் பல படை பூசலாமோ என்று கேட்பதுண்டு. இரண்டாம் முறை பூசுவதிலே முதலிற் தப்பிய இடங்கள் நிரம்பும். அந்த மட்டிற்கு நன்று. அதற்கு மேலும் பூசினால், புது மெழுகிலுள்ள கரைப்பான் பழைய மெழுகையும் கரைத்துக்கொண்டு வந்துவிடும்.

இதன் மறுதலையைச் செய்வோரும் உண்டு: மெழுகு பூசிய மறுகிழமை அதன்மேலே பொலிஷ் போடுதல். காசு கொடுத்து வாங்கிய மெழுகைக் காசு கொடுத்து வாங்கிய தூளால் சுரண்டியெறிவது அது. கடைகளிலே பொலிஷும் மெழுகும் கலந்து ஒரே பேணியில் வருவதும் உண்டு. அவசரத்துக்கு உதவும். ஆனால் பேணியின் முகப்பிலே "பொலிஷ்" என்று இருப்பதை மாத்திரம் நம்பாது, தேய்க்கும் தூள் உள்ளதா என்று பின்புறத்தில் வாசித்துக்கொள்க. நம் கடைகளிலே சப்பாத்துக்குப் பூசுவதும் பொலிஷ்தான், தளபாடத்துக்குப் பூசுவதும் பொலிஷ்தான்!

இந்தக் கார்ணோபா மெழுகு எங்கிருந்து வருகிறது தெரியுமா? பிரேசில் தேசத்தின் வடகிழக்கிலே, சியாரா, பியாவுயி முதலிய வறண்ட மாகாணங்களில் வளரும் ஒரு மரத்திலிருந்து. யாழ்ப்பாணத்தவர் யாராவது அதனைக் கண்டால் திகைத்து நிற்பர். ஏனெனில் அது நம் பனையின் குலத்தைச் சேர்ந்தது. அதே விசிறி ஓலை, மட்டையிலே முள். நீண்ட கோடையிலே ஓலையின் ஈரம் வெளியேறாதபடி மரம் தன் ஓலைமேல் மெழுகைச் சுரந்து மூடிக்கொள்கிறது. ஓலைகளை வெட்டி வெயிலிலே உலர்த்தி அடித்தால் மெழுகு பொடியாக உதிரும். அதனை உருக்கிக் கட்டியாக்குவர். குருத்தோலை மெழுகு இளமஞ்சள் நிறமானது, உயர்தரம். முற்றிய ஓலையின் மெழுகு கருமை கலந்தது, விலை குறைவு. குருத்துக்கும் சார்வுக்கும் விலை வேறென்பது நமக்குப் புதிதல்லவே. அமெரிக்காவிலே மெழுகு வியாபாரத்தாற் பெயர்பெற்ற ஜோன்சன் குடும்பத்து ஹேர்பட் ஜோன்சன், 1935ஆம் ஆண்டில், நீரிலும் நிலத்திலும் இறங்கவல்ல சிக்கோர்ஸ்கி விமானமொன்றிலே விஸ்கொன்சின் மாகாணத்திலிருந்து பிரேசில் வரை இம்மரத்தைத் தேடிப் பறந்து சென்றார். 1998ஆம் ஆண்டில் அவர் மகன் அதே மாதிரி விமானமொன்றைச் செய்வித்து அதே பயணத்தை மீண்டும் மேற்கொண்டார். ஒரு பனைக்காக!

அம்மெழுகுக்கு ஏன் இத்துணை மதிப்பு? தேன்மெழுகு 62 முதல் 65 பாகை செல்சியசில் உருகிவிடும். கார்ணோபா உருகுவது ஏறக்குறைய 82 முதல் 86 பாகையில். சித்திரை வெயிலிலே நிறுத்திய கறுப்பு வண்டியின் பொனற்றிலே கை வைத்துப் பார்த்தவர்கள் இவ்வேறுபாட்டின் அருமையை அறிவர். கடும் வெயிலிலே அதன் வெப்பம் 70 பாகையையும் எட்டலாம். ஆயினும் கார்ணோபா தனியே நின்றால் கல்லைப்போல் இறுகியது, கையாலே பூச முடியாதது. ஆகவே எண்ணெய்களும் மென்மையான வேறு மெழுகுகளும் கரைப்பானும் சேர்த்தே பேணியில் அடைப்பர். கடையில் வாங்கும் மாத்திரைகளிலும் இனிப்புகளிலும் காணும் பளபளப்பும் பல சமயங்களில் இதே பனைமெழுகுதான் என்று வகுப்பிலே சொன்னால், மாணவர் முகத்தைச் சுளிப்பர். தீங்கில்லை, உண்ணலாம்.

இப்போது மெழுகுக்குப் போட்டியாக வேறு பொருள்கள் வந்துவிட்டன. செயற்கைப் பல்பகுதியங்களாலான பூச்சுக்கள் சிலவற்றிலே, மூலக்கூறின் ஒரு முனை வர்ணத்தை மெழுகிலும் உறுதியாகப் பற்றும் வண்ணம் அமைக்கப்பட்டிருக்கிறது. சில மாதங்கள் கூடுதலாக நிற்கும். செரமிக் என்று இளைஞர்கள் பேசிக்கொள்வது அதற்கும் அப்பாற்பட்டது. அதிலுள்ள சிலிக்கன் சேர்வைகள் காற்றின் ஈரத்தோடு தாக்கமுற்றுக் கண்ணாடி போன்ற வலையாக இறுகுகின்றன. வர்ணத்தின் பரப்போடு உண்மையான இரசாயனப் பிணைப்பையும் ஏற்படுத்த வல்லன. இவற்றுக்கெல்லாம் ஒரு நிபந்தனை உண்டு. பொலிஷ் விட்டுச்சென்ற எண்ணெய் சிறிதளவேனும் இடையில் இருத்தலாகாது. மதுசாரத்தாலே துடைத்தெடுத்த பின்னரே பூசவேண்டும். மெழுகு அத்துணைக் கண்டிப்பில்லாதது. எண்ணெயும் மெழுகும் ஒரே இயல்பின; பொலிஷின் எண்ணெய் சிறிது மிஞ்சினாலும் சமாளித்துக்கொள்ளும். பழைய வண்டிகளுக்கு நான் மெழுகையே விரும்புவதன் காரணம் இதுதான். பழைய வர்ணங்கள் சில கரைப்பான்களுக்கு இளகிக்கொடுக்கும். மதுசாரம் தோய்த்த துணியோடு அவற்றை அணுக இனி எனக்குத் துணிவில்லை.

மெழுகு நிற்கிறதா, போய்விட்டதா என்று எவ்வாறு அறிவது? நீர் தெளித்துப் பார்த்தால் போதும். மெழுகுள்ள பரப்பிலே நீர் பரவாது திரண்டு நிற்கும். துளியின் விளிம்பு பரப்போடு ஆக்கும் கோணம் செங்கோணத்தை விஞ்சி நூறு பாகைக்கு மேலிருக்கும். தாமரையிலைத் தண்ணீர் என்று நாம் சொல்வதும் இவ்வகையதே. ஆனால் தாமரை நம்மினும் கெட்டிக்காரி. இலையின்மேல் நுண்ணிய மேடுகளையும், அவற்றின்மீது மெழுகுப் படிகங்களையும் வைத்து அக்கோணத்தை 150 பாகைக்கு மேல் உயர்த்திவிடுகிறாள். அவள் இலையிலே துளி நிற்பதேயில்லை. தூசியையும் சேர்த்துக்கொண்டு உருண்டோடிவிடும். ஜேர்மனியிலே பார்த்லொட், நைன்ஹூயிஸ் என்னும் இருவர் 1997ஆம் ஆண்டில் இதனை விரிவாக எடுத்துக் காட்டினர். வண்டியின் மெழுகிலே துளி உருண்டோடாது. திரண்டபடி அங்கேயே நின்று உலரும். நம் கிணற்று நீரிலோ சுண்ணாம்பு மிகுதி. உலர்ந்த துளி ஒவ்வொன்றும் வெள்ளை வட்டமொன்றை விட்டுச்செல்லும். ஆகவே கழுவியவுடன் துடைத்துவிட வேண்டும், அதுவும் வெயிலேறுமுன். பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தை வண்டிக்குப் பயன்படுத்துவதையும் விடுங்கள். நெய்ப்பற்றைக் கரைப்பதற்கென்றே ஆக்கப்பட்டது அது. மெழுகையும் அவ்வாறே கரைக்கும்.

திருமணம் சிறப்பாக நடந்தது. மணமகள் அந்த வண்டியிலேயே போனாள். பொனற்றின் முன்விளிம்பிலே மல்லிகைச் சரமொன்று வழக்கத்திலும் சற்றுத் தடிப்பாகத் தொங்கிற்று. அதனைக் கட்டியவர் பெரியப்பா.

2021ஆம் ஆண்டில் அவர் காலமானார். வண்டி இப்போது என் வீட்டு முற்றத்திலே நிற்கிறது. பொறியை நான் அதன்பின் தொட்டதில்லை. பொலிஷ்கூட இந்த ஆண்டுகளிலே ஒருமுறைதான், அதுவும் கையால். மெழுகு மாத்திரம் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருதரம் பூசி வருகிறேன். அந்த ரூபாய்க் குற்றியளவு இடத்திலும் பூசுகிறேன். அடிப்பூச்சு நுண்துளைகள் நிறைந்தது. மெழுகு அங்கே நெடுநாள் நிற்பதில்லை. ஆகவே மழை பெய்து ஓய்ந்தபின், பொனற் முழுவதும் நீர் முத்து முத்தாகத் திரண்டு நிற்க, அவ்விடத்திலே மாத்திரம் அது முதலிற் பரவத் தொடங்கும். அதைக் கண்டவுடன் உள்ளே சென்று பேணியை எடுத்து வருவேன்.